பெட்டிக்குள்ளே யார் யார்

கல்பனாவுக்கு அந்த நாற்காலி சும்மா கிடைக்கவில்லை.

சித்தூரிலிருந்து திருப்பதி போகிற சாலையில், பூதலப்பட்டு தாண்டியதும் ஒரு மாங்கூழ்த் தொழிற்சாலை இருக்கிறது. சுற்றுவட்டாரத்துக்கு அது ஜூஸ் பேக்டரி. வாசலைத் தாண்டி உள்ளே போனால் லாரியும் டிராக்டரும் ஏறி நிற்கிற இரும்பு எடைமேடை. அதைக் காட்டா என்பார்கள். காட்டாவை ஒட்டி ஓர் அறை, அறைக்குள் ஒரு கணினி, கணினிக்கு முன்னால் அந்த நாற்காலி.

முன்பெல்லாம் ரைத்துகள் அந்த அறையை எட்டிப் பார்க்க முடியாது. பயிர் வைக்கிறவனுக்கு அங்கே ரைத்து என்று பெயர். தமிழ் பேசினாலும் தெலுங்கு பேசினாலும் ரைத்துதான். தோப்பில் காய் பறித்து, டிராக்டர் வாடகைக்குப் பிடித்து, வெயிலில் வரிசை நின்று, ஜன்னல் கம்பிக்கு வெளியே கைகட்டி நிற்க வேண்டும். உள்ளே இருப்பவன் ஓர் எண்ணைச் சொல்வான். அதுதான் எடை. எப்படி வந்தது என்று கேட்டால் அடுத்த நடைக்கு உன் வண்டி வரிசையின் கடைசியில் நிற்கும். இதை வெளியூர்க்காரர்கள் நம்பமாட்டார்கள்; அங்கே பிறந்தவர்களுக்குச் சொல்லவே தேவையில்லை.

ஒரு சீசனில் பொறுமை விட்டுப்போனது. பாலையா என்கிற ரைத்து தன் டிராக்டரைக் காட்டாவின் மேல் குறுக்கே நிறுத்தி, சாவியை எடுத்து இடுப்பில் சொருகிக்கொண்டார். வெங்கடம்மாவும் மற்ற பெண்களும் காட்டாவின் இரும்புத் தகட்டின் மேலேயே அடுப்பு மூட்டி உலை வைத்தார்கள். தகடு சுட்டது, சோறும் வெந்தது. கம்பெனி இறங்கி வந்தது. எடை தெரிகிற பெரிய பலகை வெளியே ரைத்துகளின் கண்ணுக்கு நேராக மாட்டப்பட்டது. கணினி தானாக அடிக்கிற சீட்டுதான் எடை, கையால் எழுதினால் செல்லாது என்று முடிவானது. கணினிக்கு முன்னால் ரைத்து சங்கம் சொல்கிற ஆள்தான் உட்கார வேண்டும் என்பதும் ஒப்பந்தமானது.

சங்கம் சொன்ன ஆள் கல்பனா.

அவள் பிறந்தது சாந்திபுரத்துப் பக்கம். அப்பாவும் அம்மாவும் அடுத்தவன் நிலத்தில் கூலிக்குப் போனவர்கள். பிறகு அரசாங்கம் கரட்டு நிலத்தில் கொஞ்சம் பட்டா கொடுத்தது. கல்லைப் பொறுக்கி மாங்கன்று நட்டார்கள். கன்று காய்க்க ஆரம்பித்தபோது கல்பனா சித்தூரில் கம்ப்யூட்டர் எடுத்து டிகிரி படித்துக்கொண்டிருந்தாள். படித்தாளே தவிர, கல்லூரி லேபில் கணினிப் பெட்டியைத் தொட விடமாட்டார்கள். தொட்டால் கெட்டுவிடுமாம். திரையைப் பார்த்துப் படி, பெட்டியைப் பார்க்காதே என்றார்கள். டிகிரி முடித்து, பூதலப்பட்டுப் பக்கம் வாழ்க்கைப்பட்டு, திருப்பதியில் ஒரு லாட்ஜில் ரூம் புக்கிங் பார்த்தாள். சங்கம் கூப்பிட்டதும் அதை விட்டுவிட்டு வந்தாள். பெண்ணை உட்கார வைத்தால் கம்பெனிக்காரன் மிரட்டுவான் என்று முதலில் எதிர்த்தவரே பாலையாதான். இவள் மிரளவில்லை. மேனேஜர் பவன்குமார் முதல் வாரத்திலேயே அதைத் தெரிந்துகொண்டார்.

இது நடந்து நாலு சீசன் ஓடிவிட்டது. நாற்காலியில் இவள் இருக்கிறாள் என்பதை ரைத்துகள் மறந்தே போனார்கள். ஓர் ஏற்பாடு ஒழுங்காக நடந்தால் அதை மறந்துவிடுவது மனுஷ சுபாவம். கம்பெனி மட்டும் மறக்கவில்லை.

இந்த ஜூனில், தோத்தாபுரி மாங்காய் குவிகிற நேரத்தில், ஒரு சாயங்காலம் இடியும் காற்றுமாக அடித்தது. கரண்ட் போய்ப் போய் வந்தது. மறுநாள் காலையில் கல்பனா கணினியைப் போட்டால் திரை கறுப்பாக நின்றது. ஹார்டு டிஸ்க் போய்விட்டிருந்தது.

கம்பெனிக்கு கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற ஹேமநாத் திருப்பதியிலிருந்து பைக்கில் வந்தான். நல்ல வேலைக்காரன், ஆனால் நேற்றைய இடிக்கு திருப்பதியில் பாதி லாட்ஜுகளின் கணினிகளும் படுத்துவிட்டதால் அவன் போன் ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தது. பெட்டியைத் திறந்தான். குறுக்கே நின்ற ஒரு கார்டைப் பிடுங்கி மேஜை மேல் வைத்தான். பழைய டிஸ்க்கைக் கழற்றிப் புதியது மாட்டினான். கார்டைத் திரும்ப அதன் இடத்தில் அழுத்தினான். விண்டோஸ் ஏற்றினான், எடை சாப்ட்வேர் ஏற்றினான். எல்லாம் ஓடியது. எடை மட்டும் வரவில்லை.

காட்டாவின் அடியிலிருந்து வருகிற ஒயர் மேஜை மேலிருக்கும் எடைப்பெட்டிக்கு வரும். அந்தப் பெட்டியிலிருந்து இன்னோர் ஒயர் கணினியின் முதுகில் போய்ச் சொருகும். எடைப்பெட்டி எண்ணைக் காட்டியது. வெளிப்பலகையும் காட்டியது. கணினிக்கு மட்டும் அது காதில் விழவில்லை.

ஹேமநாத் டிவைஸ் மேனேஜரைத் திறந்து பார்த்தான். கணினிக்குள் என்னென்ன பொருத்தியிருக்கிறது என்று கணினியே பேர் சொல்கிற இடம் அது. அதில் ஒயர் சொருகுகிற அந்த கார்டின் பேரே இல்லை. இடியில் கார்டு எரிந்துவிட்டது என்றான். பழைய மாடல், ஸ்லாட்டும் பழசு, திருப்பதியில் கிடைக்காது, சென்னையிலிருந்துதான் வரவழைக்க வேண்டும், இரண்டு மூன்று நாளாகும். சொல்லிவிட்டு பைக்கில் ஏறினான்.

பவன்குமார் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. ஹைவே முனையில் ஒரு தனியார் காட்டா இருக்கிறது. வண்டிகளெல்லாம் அங்கே போய் எடை போட்டுக்கொண்டு வரட்டும் என்றார். அந்த காட்டாவில் எண் தெரிகிற திரை உள்ளறையில் இருக்கிறது. வெளியே பலகை கிடையாது. உட்காருகிற ஆள் யார் என்று கேட்கவும் முடியாது. மூன்று நாள் அங்கே பழக்கப்படுத்திவிட்டால் நாலாவது நாள் இந்த அறைக்குப் பூட்டுப் போட்டுவிடலாம். மெஷின் கெட்டுப்போச்சு, நாங்க இன்னா பண்றது என்று ஒரு வார்த்தை போதும். நாலு வருஷத்துக்கு முன்னால் தகட்டின் மேல் வைத்த உலை அதோடு ஆறிப்போகும்.

இது கல்பனாவுக்குப் புரிய யாரும் விளக்கத் தேவையில்லை. வாசலுக்கு வெளியே வரிசை சாலை வரைக்கும் நீண்டிருந்தது. முதல் வண்டி பாலையாவுடையது. இரண்டாவது வெங்கடம்மாவுடைய காய். முந்தின நாள் மத்தியானத்திலிருந்து நிற்கிறது. மழை பட்ட காய் வெயிலில் வேகுகிறது. டிரெய்லரின் பலகை இடுக்கில் சாறு சொட்ட ஆரம்பித்திருந்தது. ஈ மொய்த்தது.

கல்பனா மேனேஜர் முன்னால் போய் நின்றாள்.

"மத்தியான சாப்பாடு வரைக்கும் டைம் குடுங்க சார். கார்டு செத்துச்சா உயிரோட கீதானு நான் பாக்கறேன்."

"கம்ப்யூட்டர் ஆளு பாத்துட்டுப் போயிட்டான் காதம்மா? நீ இன்னா பாப்ப?" என்றார் பவன்குமார். அவர் தமிழும் தெலுங்கும் ஒரே வாக்கியத்தில் கலந்துதான் பேசுவார்.

"அவரு திரையப் பாத்தாரு. நான் பெட்டியப் பாக்கறேன்."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வெளியே பாலையா வண்டியிலிருந்து இறங்கி வருவதையும் பார்த்தார். "சரே. லஞ்ச் வரைக்கும். அதுக்கப்புறம் ஒரு வண்டிகூட இங்க நிக்கக் கூடாது" என்றார்.

பாலையாவிடம் கல்பனா விஷயத்தைச் சொன்னாள். வண்டிகள் வெளி காட்டாவுக்குப் போகாமல் மத்தியானம் வரைக்கும் நிற்க வேண்டும் என்றாள். பாலையா வரிசையைத் திரும்பிப் பார்த்தார். வெங்கடம்மாதான் பேசினாள்.

"காய் அழுவுதுடி. ஒயுவறது என் காய்தான். நிக்கச் சொல்றியா?"

"நில்லுங்கத்த."

"நிக்கறேன். ஆனா சாப்புட்டு முடிக்கிற வரைக்கும்தான். அதுக்கு மேல உன் மூஞ்சியப் பாத்துக்கினு நிக்க மாட்டேன்."

அதற்குமேல் அவளிடம் எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. வருஷத்துக்கு ஒரு அறுவடை. அவள் நிற்கிறாள் என்று தெரிந்ததும் பின்னால் இருந்த வண்டிகளும் இன்ஜினை அணைத்தன.

பெட்டியைத் திறக்க ஸ்க்ரூடிரைவர் வேண்டியிருந்தது. பேக்டரி எலக்ட்ரீஷியன் ஆசிரைக் கூப்பிட்டாள். சித்தூரில் பழைய மிஷன் சபையைச் சேர்ந்த தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம். ஐம்பதைத் தாண்டிய மனுஷன். கரண்டைப் பார்த்தால் பயப்படமாட்டார், கம்ப்யூட்டரைப் பார்த்தால் ஒரு அடி தள்ளி நிற்பார். ஸ்க்ரூவைக் கழற்றி மூடியை எடுத்து வைத்துவிட்டு, டார்ச் மட்டும் பிடிக்கிறேன் என்றார்.

கல்பனாவும் அதுவரை பெட்டிக்குள் கை வைத்ததில்லை. லேபில் சொன்னது இன்னும் முதுகில் உட்கார்ந்திருந்தது, தொட்டால் கெட்டுவிடும் என்று. கெட்டதற்கு மேல் என்ன கெடும் என்று நினைத்துக்கொண்டாள்.

அவளுக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்றுதான். சங்கக் கூட்டத்தில் பேர் கூப்பிடுகிற வழி. வந்தவர் யார் என்று பேரை வாசித்து ஆளைப் பார்ப்பார்கள். இங்கேயும் அதையே செய்தாள். கணினியைப் போட்டு டிவைஸ் மேனேஜரைத் திறந்தாள். திரையில் ஒரு பேரை வாசித்தாள்; பெட்டிக்குள் அந்த ஆள் எங்கே என்று தேடினாள். நெட்வொர்க் என்றது திரை. நீல ஒயர் வந்து நுழைகிற ஓட்டையைத் தொட்டுக் காட்டினாள். சவுண்டு என்றது. ஸ்பீக்கர் சொருகுகிற மூன்று கலர் ஓட்டைகள், அதுவும் மெயின் போர்டிலேயே இருந்தது. திரைக்குப் படம் அனுப்புகிறது எது? இந்த அகலமான பிளக் போகிற இடம். டிஸ்க் எது? ஹேமநாத் காலையில் மாட்டின புதுசு, ஸ்டிக்கர்கூடக் கசங்கவில்லை. கீபோர்டு, மவுஸ், பிரிண்டர், எல்லாருக்கும் பேரும் இருந்தது, ஆளும் இருந்தார்கள்.

பேரில்லாமல் ஓர் ஆள் மிஞ்சினான். செங்குத்தாக நின்ற சின்னப் பச்சை கார்டு. அதன் வால் பெட்டியின் முதுகுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. எடைப்பெட்டியின் ஒயர் அந்த வாலில்தான் சொருகியிருந்தது.

"எல்லாரும் உள்ளேன் ஐயா சொல்லிட்டாங்க. இவன் மட்டும் வாயத் தெறக்க மாட்டேன்றான்" என்றார் ஆசிர்.

"டார்ச்ச கிட்ட காட்டுண்ணா."

வெளிச்சம் கார்டின் மேல் விழுந்தது. கார்டின் நடுவில் ஒரு கறுப்புச் சில்லு. கார்டு என்ன ஜாதி, யார் செய்தது என்பது சில்லின் முதுகில் எழுதியிருக்கும். அந்த எழுத்து தெரியவில்லை. எழுத்தின் மேல் உலர்ந்துபோன சந்தனம். சந்தனத்தின் நடுவில் குங்குமம்.

கல்பனாவின் கை நின்றுவிட்டது.

அந்தப் பொட்டு அவள் வைத்தது. நாற்காலியில் உட்கார்ந்த முதல் வருஷத்து ஆயுத பூஜை. பேக்டரி முழுக்கக் கழுவி, பாய்லர் முதல் பஸ்ஸர் வரை பொட்டு வைத்தார்கள். மேனேஜர் கையில் கற்பூரத் தட்டு. காட்டா அறைக்கு வந்ததும் எல்லாரும் மானிட்டரின் நெற்றியில் பொட்டு வைத்தால் போதும் என்றார்கள். கல்பனாதான் ஒத்துக்கொள்ளவில்லை. எடை உள்ளே வருகிற இடத்துக்கல்லவா வைக்க வேண்டும், மானிட்டர் வெறும் கண்ணாடி என்றாள். அன்றைக்கும் மூடியைக் கழற்றியவர் ஆசிர்தான். கார்டைக் கழற்றி அவள் உள்ளங்கையில் வைத்தவரும் அவர்தான். சந்தனத்தைக் குழைத்து, மோதிர விரலால் நிறுத்தி, கண்ணை மூடி வைத்தாள். அவ்வளவு ஆசையாக வைத்தாள். கொஞ்சம் தண்ணீர் அதிகம். ஒரு கோடு வழிந்து கார்டின் அடிவரைக்கும் இறங்கியிருந்தது.

அடியில்தான் தங்க நிறப் பற்கள் வரிசையாக இருக்கின்றன. ஸ்லாட்டுக்குள் போய் உட்கார்ந்து கணினியைத் தொடுவது அந்தப் பற்கள்.

அவளுக்குக் காலையில் கேட்ட சத்தம் நினைவுக்கு வந்தது. ஹேமநாத் கார்டைத் திரும்ப அழுத்தும்போது மணலை நெரிப்பதுபோல ஒரு சத்தம். அவன் போனில் பேசிக்கொண்டே அழுத்தினான். இவள் கேட்டாள், ஆனால் என்னவென்று தெரியவில்லை. இத்தனை வருஷமாகப் பற்களின் ஓரத்தில் ஒதுங்கியிருந்த சந்தனப் பொருக்கு, கார்டைப் பிடுங்கிச் சொருகியதில் உடைந்து, பல்லுக்கும் ஸ்லாட்டுக்கும் நடுவில் போய் உட்கார்ந்துவிட்டது. கார்டு எரியவில்லை. கார்டின் வாய் அடைத்திருந்தது.

ஆசிருக்கும் புரிந்துவிட்டது. சிரிப்பை அடக்கினார்.

"எங்க ஆளுங்க ஜெபம் மட்டும் பண்ணிட்டு வுட்டுருவோம். மெஷினுக்கு இன்னா ஆச்சுனு ஒரு கேள்வி கெடையாது."

"அன்னைக்கு மூடிய கழட்டிக் குடுத்தது யாருண்ணா?"

"ஸ்க்ரூ மட்டுந்தான் நானு."

"பொரியும் சுண்டலும் துன்னது?"

"அத்த விடு" என்றார்.

கணினியை அணைத்து, கரண்ட் ஒயரையே பிடுங்கச் சொன்னாள். கார்டை இரண்டு ஓரத்தில் பிடித்து மெதுவாக எடுத்தாள். காய்ந்த துணியால் சந்தனத்தைத் துடைத்தாள். பற்களில் ஒட்டியது போகவில்லை. பைக்குள் தேடியதில் மகள் ஹர்ஷினியின் ரப்பர் அகப்பட்டது. ஸ்ட்ராபெரி வடிவம், ஸ்ட்ராபெரி வாசம். அதை வைத்துப் பற்களை ஒவ்வொன்றாகத் தேய்த்தாள். அழுக்கு ஏறி ரப்பர் கறுத்தது. பற்கள் பளிச்சென்று வந்தன. ஸ்லாட்டுக்குள் ஆசிர் பெயின்ட் பிரஷ்ஷை விட்டு உதற, மஞ்சளாகப் பொடி கொட்டியது.

இதற்குள் வாசலில் ஒரு ஹாரன். பிறகு இன்னொன்று. வெங்கடம்மா ஜன்னலுக்கு வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பின்னால் கேண்டீனில் தட்டுச் சத்தம் ஆரம்பித்திருந்தது.

கார்டை ஸ்லாட்டில் வைத்து அழுத்தினாள். இந்தத் தடவை சத்தமே இல்லை. வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கியது. கணினியைப் போட்டு டிவைஸ் மேனேஜரைத் திறந்தாள். கடைசியில் ஒரு புது வரி வந்திருந்தது. பக்கத்தில் மஞ்சள் நிறத்தில் ஓர் ஆச்சரியக்குறி.

"போச்சு. இப்ப டேஞ்சர் காட்டுது" என்றார் ஆசிர்.

"டேஞ்சர் இல்லண்ணா. வந்துட்டேன்னு சொல்லுது. பேருதான் தெரியல."

ஆள் வந்துவிட்டான், அவன் பாஷை கணினிக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். பாஷையைச் சொல்லிக்கொடுக்கிற சாப்ட்வேருக்கு டிரைவர் என்று பேர். எந்த டிரைவர் என்று கண்டுபிடிக்க இவன் யார் என்று முதலில் தெரிய வேண்டும். கல்பனா திருப்பதிக்குப் போன் போட்டாள். ஹேமநாத் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஏதோ ஒரு லாட்ஜ் மேஜைக்கு அடியில் படுத்துக்கொண்டு பேசினான். கார்டு தெரிகிறது என்றதும் நம்பாமல் இன்னொரு தடவை கேட்டான். பிறகு சட்டென்று வேலைக்காரன் ஆகிவிட்டான். அந்த வரியில் ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், டீடெயில்ஸ், அதில் ஹார்டுவேர் ஐடி என்று வழி சொன்னான். அங்கே நீளமாக ஒரு எழுத்துக் கோவை இருந்தது. அதில் பாதி கம்பெனியின் அடையாளம், பாதி சாமானின் அடையாளம். கல்பனா எழுத்து எழுத்தாக வாசித்தாள்.

அவன் சரிபார்த்துவிட்டு, இன்னும் ஒன்று வேண்டும் என்றான். இந்த அடையாளத்தில் இரண்டு மாடல் இருக்கிறது, மாற்றிப் போட்டால் மெஷின் அப்படியே உறைந்து நிற்கும், சில்லின் முதுகில் எழுதியிருக்கிற எண்ணையும் வாசியுங்கள் என்றான்.

ஆசிர் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தார். அப்போதுதான் கல்பனா பார்த்தாள். சில்லில் எழுத்து மையால் அச்சடித்ததில்லை, லேசாகக் கீறியது. வெறும் கண்ணுக்குத் தெரியாத கீறல். துடைத்ததில் மேல் குங்குமம் போய்விட்டது. கீறலுக்குள் இறங்கியது மட்டும் தங்கிவிட்டது. எண் முழுக்கச் சிவப்பாக, யாரோ பேனாவால் எழுதினதுபோல நின்றது. ஒரே மூச்சில் வாசித்தாள்.

"பாத்தியா, வெச்சது வீண் போவல" என்றார் ஆசிர்.

அவள் சிரிக்கவில்லை. அவளுக்கு வேறு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது.

ஹேமநாத் அனுப்பிய டிரைவரைத் தன் போனின் நெட்டில் இறக்கினாள். மேனேஜர் கை கழுவிக்கொண்டு கேண்டீனிலிருந்து வெளியே வருவது ஜன்னலில் தெரிந்தது. டிரைவர் ஏறியது. மஞ்சள் குறி மறைந்தது. திரையில் முன்பு இல்லாத இடத்தில் போர்ட் என்று ஒரு தலைப்பு முளைத்து, அதற்கு அடியில் கார்டின் பேர் முழுசாக வந்து உட்கார்ந்தது. எடை சாப்ட்வேரில் அந்தப் போர்ட்டைத் தேர்ந்தெடுத்தாள். காலி காட்டாவுக்கு சைபர் காட்டியது. ஆசிரைப் போய் ஏறி நிற்கச் சொன்னாள். லாரி ஏறுகிற காட்டாவுக்கு ஒரு மனுஷன் கொசு. ஆனாலும் எண் அசைந்தது. வெளிப்பலகையில் அசைந்த எண்ணே திரையிலும் அசைந்தது. வரிசையில் யாரோ விசில் அடித்தார்கள்.

பவன்குமார் அறைக்குள் வந்து திரையைப் பார்த்தார். அவர் முகத்தில் சந்தோஷமா ஏமாற்றமா என்று சொல்ல முடியவில்லை. மேனேஜர்களின் முகத்தில் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். என்ன ப்ராப்ளம் என்று கேட்டார்.

ஆசிர் முந்திக்கொண்டு, தூசி அடைத்திருந்தது சார் என்றார். பொய்யுமில்லை, உண்மையுமில்லை. கல்பனாவுக்காகத் திறந்துவிட்ட கதவு அது. அவள் சும்மா இருந்தாலே போதும், உள்ளே நுழைந்துவிடலாம். ஜன்னலில் வெங்கடம்மாவும் பாலையாவும் நின்றார்கள்.

கல்பனா அந்தக் கதவை அடைத்தாள். இந்த அறையில் இனிமேல் மறைவாக எதுவும் நடக்காது என்று சொல்லித்தான் சங்கம் நாற்காலியை வாங்கியது. அதில் உட்கார்ந்துகொண்டு மறைத்தால் பழைய ஆளுக்கும் இவளுக்கும் என்ன வித்தியாசம்? தவிர, நாளைக்கே ஹேமநாத் கையால்தான் கெட்டது என்று ஒரு பேச்சுக் கிளம்பும்.

"தூசி இல்ல சார். சந்தனம். ஆயுத பூஜைக்கு நான் வெச்ச பொட்டு வழிஞ்சி அடச்சிக்கினு இருந்துச்சி. தப்பு என்னோடது."

பவன்குமாருக்கு இப்போது முகம் தெளிந்தது. அப்படியானால் ரைத்து சங்கம் உட்கார வைத்த ஆள்தான் மெஷினைக் கெடுத்தது, இதை நான் ஹெட் ஆபீசுக்கு அப்படியே சொல்லலாமா என்று கேட்டார். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தத் தேவையும் இல்லை.

"சொல்லுங்க சார். என் பேரப் போட்டே சொல்லுங்க. என்ன மாத்தணும்னா மாத்துங்க, சங்கம் வேற ஆள அனுப்பும். நாற்காலிய மட்டும் எடுக்காதீங்க. அது என்னோடது இல்ல."

கல்பனாவின் கை மேஜை விளிம்பைப் பிடித்திருந்தது. விரல் நுனியில் குங்குமம் ஒட்டியிருந்தது. ஜன்னலுக்கு வெளியிலிருந்து பாலையா தொண்டையைச் செருமினார்.

"அன்னைக்கு கற்பூரம் காட்டினது யாரு சார்? நான் வெளில நின்னுக்கினு கன்னத்துல போட்டுக்கினேன். நீங்க தட்டப் புடிச்சிக்கினு இருந்தீங்க. ஹெட் ஆபீசுக்குச் சொன்னா அத்தையும் சேத்துச் சொல்லுங்க."

பவன்குமார் ஆசிரைப் பார்த்தார். ஆசிர் ஸ்க்ரூடிரைவரை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். மேனேஜருக்கே உதட்டோரம் சிரிப்பு வந்து போனது. அவர் சொன்னதெல்லாம், முதலில் வண்டியை ஏற்று, சங்கத்தோடு நான் பிறகு பேசிக்கொள்கிறேன் என்பதுதான்.

பாலையாவின் வண்டிதான் முதலில். ஆனால் அவர் இன்ஜினைப் போட்டு ஓரம் ஒதுக்கி, வெங்கடம்மாவின் வண்டிக்கு வழி விட்டார். சாறு சொட்டிக்கொண்டே டிராக்டர் காட்டாவின் மேல் ஏறியது. பலகையில் எண் ஓடி நின்றது. உள்ளே சீட்டு அடித்து வெளியே வந்தது. வெங்கடம்மா சீட்டையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்தாள். இரண்டும் ஒன்று. சீட்டை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"அடுத்த வாட்டி சாமிக்கு தண்ணியக் கொறச்சி வையிடி" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை சங்கம் கூடியது. கல்பனாவை விட்டுவிட்டுப் பேச யாரும் தயாராக இல்லை. அவளை வைத்துக்கொண்டே பேசினார்கள். ஆளை மாற்ற வேண்டும் என்று சிலர் சத்தமாகச் சொன்னார்கள். மேனேஜர் கையில் கத்தியைக் கொடுத்துவிட்டு வந்தாள், தூசி என்றால் முடிந்திருக்கும், இவளுக்கு எதற்கு இந்த அரிச்சந்திரன் வேலை என்றார்கள். இன்னும் சிலர், சொன்னதால்தான் இவள் இருக்க வேண்டும் என்றார்கள். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேள்விகள் வந்தன. எல்லாவற்றுக்கும் கல்பனா உட்காராமல் நின்றுகொண்டே பதில் சொன்னாள். கடைசியில் அவளே ஒரு கேள்வி கேட்டாள். நான் ஒருத்தி காய்ச்சலில் படுத்தால் அந்தப் பெட்டிக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று உங்களில் யாருக்குத் தெரியும்?

அந்தக் கேள்விதான் தீர்மானமானது. கல்பனா தொடர்வாள், ஆனால் அவள் ஒருத்தியை நம்பி நாற்காலி நிற்கக் கூடாது. வெங்கடம்மாவின் மருமகள் சுமித்ராவும் காட்டா அறைக்குப் போக வேண்டும். கம்பெனி முனகியது. அதே வாரம் சங்கம் முழுக்க வாசலில் போய் நின்றதும் முனகல் அடங்கியது. பவன்குமார் ஹெட் ஆபீசுக்கு என்ன சொன்னார் என்று யாருக்கும் தெரியாது. கற்பூரத் தட்டைப் பற்றிச் சொல்லியிருக்கமாட்டார்.

சீசன் முடிந்து காட்டா ஓய்ந்த பிறகு ஒரு நாள் இரண்டு பேரும் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். கல்பனா திரையில் வாசித்தாள். சுமித்ரா பெட்டிக்குள் கை விட்டாள். தொடலாமா என்று அவள் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று கல்பனா முதலிலேயே சொல்லியிருந்தாள். பச்சை கார்டு வந்ததும் சுமித்ரா சில்லின் மேலிருந்த சிவப்பு எழுத்தைப் பார்த்துவிட்டு, துடைச்சிடட்டுமா அக்கா என்றாள்.

"வாணாம். படிக்கத் தெரியுதில்ல? இருக்கட்டும்."

அந்த வருஷ ஆயுத பூஜைக்கும் பேக்டரியைக் கழுவினார்கள். காட்டா அறைக்குத் தட்டு வந்தபோது ஆசிர் ஸ்க்ரூடிரைவரைத் தூக்கிக் காட்டி, கழட்டட்டுமா என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். மேனேஜரும் சிரித்தார். கல்பனா சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்தாள். மானிட்டருக்கு வைக்கவில்லை, பெட்டிக்கும் வைக்கவில்லை. வெளியே வந்து, காட்டாவின் இரும்புத் தகட்டில், அன்றைக்கு அடுப்பு எரிந்த கறை இன்னும் கறுப்பாக இருக்கிற மூலையில் குனிந்து, அழுத்தி வைத்தாள்.